கொடிக்கால் காசும் தம்பி பேரும்

1

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெடுத்ததைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். மதுரையில் ஒரு மெஸ்ஸில் எச்சில் இலை எடுத்தேன், மாவாட்டினேன், ஆறு வருடம் கழித்துத் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்க விட்டார்கள். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டே லண்டன் வந்தேன். சமையல்காரன் விசா. எஸ், நோ, சாரி என்று மூன்று இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியும். அதில் நோ சொல்ல முதலாளி விட்டதில்லை.

இன்றைக்கு இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் இட்லி மாவு தயாரிக்கும் கூடம் எனக்குச் சொந்தம். கோயம்புத்தூர் கிரைண்டர்களைக் கப்பலில் வரவழைத்தேன். இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் அண்டாவைத் தூக்கி பாய்லர் அறைக்குள் வைத்தேன், புளித்தது. மதுரை ஓரத்தில் விளாங்குடியில் மாடி வீடு கட்டினேன். சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு நுழைவு வளைவு கட்டினேன். என் தம்பி மாயாண்டியின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு போர்வெல் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவே யோசிக்கிற நான், இங்கே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றை ஆரம்பித்து வைத்தேன்.

இதைத் தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மூட்டை தூக்கியவனைப் பற்றி அடுத்தவன் வந்து பேசமாட்டான் என்பதை நான் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். அதனால் நானே பேசிப் பழகிவிட்டேன்.

இந்த வாரம் மாயாண்டியின் முதல் தெவசம். படையலுக்கு வைக்க இங்கே கடையில் வெற்றிலை வாங்கினேன். எந்த ஊர் வெற்றிலையோ, காம்பெல்லாம் கறுத்திருந்தது. ஆயுசு முழுக்கக் கொடிக்கால் வைத்தவன் படத்துக்கு முன்னால் அதை வைக்கக் கை வரவில்லை. குப்பையில் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

2

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும் மிஷின் ஒன்று உண்டு. மெட்டல் டிடெக்டர். இந்த நாட்டில் ரிட்டயர் ஆன ஆம்பளைகள் பாதிப் பேர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, அறுவடை முடிந்த கோதுமை வயலில் ஆட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் டெரிக். லாரி ஓட்டி ஓய்ந்தவர். சனிக்கிழமை தோறும் என்னிடம் இட்லி வாங்கித் தக்காளி சாஸ் தொட்டுத் தின்பார். அதை நான் மன்னித்தேன். அவர் என் இங்கிலீஷை மன்னித்தார்.

ஐந்து வருடம் அவரோடு நடந்தேன். கிடைத்ததெல்லாம் சட்டைப் பித்தான், தோட்டா மூடி, டிராக்டர் நட்டு. ஒரே ஒரு தடவை சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் காசு.

ஆனால் இங்கே ஒரு முறை இருக்கிறது. வயல்காரனிடம் முதலிலேயே கையெழுத்து வாங்க வேண்டும். பழைய பொன் கிடைத்தால் உடனே அதிகாரியிடம் காட்ட வேண்டும். எந்த வயல், எந்த மூலை, எத்தனை ஆழம் என்று எழுதித் தர வேண்டும். எங்கள் ஊர் மியூசியத்தில் டெரிக் எடுத்துக் கொடுத்த வெண்கல ஊசி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. கீழே ஒரு அட்டை. கண்டெடுத்தவர் என்று அவர் முழுப் பெயர். அவர் என்னை அங்கே மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறார். மூன்று தடவையும் நான் ஊசியைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தேன்.

அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் தெரியாமல் நான் தப்புச் செய்யவில்லை. இங்கே ஐந்து வருடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வந்தேன். நம் ஊரிலும் மண்ணில் கிடைத்த பொன்னைக் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

3

போன வருடத்துக்கு முந்தின பங்குனி. ஊர்த் திருவிழாவுக்காக வந்திருந்தேன். மிஷினையும் கொண்டுவந்தேன். தம்பியிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை.

கொடிக்காலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகத்தி மரம் வரிசையாக நிற்கும், அதில் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும், நடுநடுவே தண்ணீர் நிற்கும் வாய்க்கால். உள்ளே செருப்புப் போட்டுப் போகக் கூடாது. கலெக்டரே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, காதில் ஹெட்போனோடு இறங்கினேன். இலை கிள்ளிக்கொண்டிருந்த பொம்பளைகள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணே, வெத்தலைக்கு எக்ஸ்ரே எடுக்குறியா?" என்றான் மாயாண்டி.

"சிரிடா. இந்த மிஷின் வெல கேட்டா மயங்கி விழுந்துருவ."

"எம்புட்டா இருந்தா என்ன, கொசு மருந்து அடிக்கிறவன் மாதிரிதேன் இருக்க."

வடக்கு ஓரத்தில் கண்மாயிலிருந்து அள்ளிவந்த கரம்பை மண்ணைப் புதிதாகப் பரப்பியிருந்தான். அங்கே சத்தம் மாறியது. இரும்புக்கு மிஷின் கரகரவென்று கத்தும். இது சுத்தமாக, மணி அடித்த மாதிரி இருந்தது. ஐந்து வருடமாக டெரிக் எனக்கு வாயால் செய்து காட்டிய சத்தம். டெரிக் மண்ணைச் சதுரமாக வெட்டி மூடி மாதிரி தூக்குவார், நிதானம் இருக்கும். எனக்கு இல்லை. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஓங்கிப் போட்டேன்.

இரண்டாவது வெட்டில் வந்தது. கழுவக்கூட வேண்டாம், தங்கத்தில் மண் ஒட்டாது. ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது, ஆனால் கனம். ஒரு ஆளின் தலை, பக்கவாட்டில். சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்து. கன்னத்தின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு.

எனக்கு உயிரே போய்விட்டது. என் மண்வெட்டி பட்டுவிட்டது என்று நினைத்தேன். டெரிக்கின் கூட்டாளிகளிடம் இதைவிடக் கேவலம் கிடையாது. திருடினால்கூடப் பேசுவார்கள், காசை வெட்டியவனோடு பேசமாட்டார்கள்.

மாயாண்டி கையில் வாங்கிப் பார்த்தான். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அண்ணே, இது நம்ம வச்சுக்கிற சாமானில்ல. தலையாரிய வரச்சொல்லி இன்னைக்கே குடுத்துருவோம்."

"இருடா."

"எதுக்கு இருக்கணும்?"

"திருவிழாவுக்குப் பன்னெண்டு நாள்தானடா இருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். எங்கள் கோயிலில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை கொடுப்பது இன்ன வீட்டாருக்கு என்று தலைமுறையாக இருக்கிறது. நான் வளைவு கட்டினேன், அதற்கு ஒரு துண்டு போட்டார்கள், அவ்வளவுதான். இந்தக் காசைத் திருவிழா அன்றைக்கு, மைக்கில் அறிவித்து, ஊர் முன்னால் அதிகாரி கையில் கொடுத்தால், அன்று ஒரு நாளாவது பரிவட்டம் என் தலையில் ஏறும். மூட்டை சுமந்த தலை அது.

மாயாண்டி நான் வெட்டிய குழியில் மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு, "உன் இஷ்டம்ணே" என்றான். விளாங்குடி வீட்டில் கீழே குடக்கூலிக்காரர்கள் இருந்ததால், அவன் மனைவி செல்லம்மாளின் சீரக டப்பாவில் காசைப் போட்டு வைத்தோம்.

4

அந்த வெட்டு என்னைத் தூங்கவிடவில்லை. நான்காம் நாள் காசை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். பழைய நகரத்துக்குள் ஒரு சந்தில் பழைய பித்தளைப் பாத்திரமும் காசும் வாங்கி விற்கும் காதர் பாயை எனக்கு மெஸ் காலத்திலிருந்தே தெரியும். வைகை மணலைச் சலித்துச் செப்புக் காசு பொறுக்குகிறவர்கள் அவரிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். அவர் அத்தா காலத்திலிருந்தே அந்தக் கடை.

பாய் லென்ஸைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"பாய், அந்த வெட்டை மட்டும் எப்படியாச்சும் சரி பண்ண முடியுமா? என் மம்பட்டி பட்டுருச்சு."

"உங்க மம்பட்டியா?" பாய் சிரித்தார். "அண்ணே, புது வெட்டா இருந்தா ஓரம் பிளேடு மாதிரி நிக்கும். இதுல வெட்டுக்குள்ளயே தேஞ்சிருக்கு பாருங்க. இது ரோமாபுரிக் காசு. உள்ள செம்பு கிம்பு வச்சிருக்கானான்னு அந்தக் காலத்துலயே நம்ம ஆளு எவனோ வெட்டிப் பாத்திருக்கான். யாவாரி புத்தி."

அப்படியானால் வெட்டியவன் நான் இல்லை. டீ சொல்லுங்கள் பாய் என்றேன்.

அவர் சொல்லவில்லை. காசைத் துணியில் சுற்றி என் கையில் வைத்து, என் கை விரல்களை அவரே மூடினார். "இது என் கடையில இருக்கயில நான் டீ குடிக்க மாட்டேன். எத்தனை நாளாச்சு எடுத்து?"

"நாலு நாள்."

"இன்ன வரைக்கும் இது உங்க நசீபு, அதிர்ஷ்டம். இனிமே வச்சிருந்தீங்கன்னா களவு. நேரா கலெக்டர் ஆபீஸ் போங்க. பஸ்ஸுக்குக் காசு இல்லைன்னா நான் தாரேன்."

எனக்கு பஸ்ஸுக்குக் காசு தருகிறாராம். அந்தக் கோபத்திலேயே எழுந்து வந்துவிட்டேன். விளாங்குடி பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகவில்லை. மறுநாள் காசு பழையபடி செல்லம்மாளின் சீரக டப்பாவுக்கே போனது.

5

எட்டாம் நாள் விழாக் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன். பரிவட்டம் கேட்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னேன். ரகசியமாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஊருக்கே பெருமை. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர்தான் தகவல் கொடுத்தார் என்று என்னிடம் சாட்சி இல்லை. பாயைத் தவிர நான் சொன்ன வெளி ஆள் அவர் ஒருவர். பாய் சொல்லக்கூடியவரில்லை. இத்தோடு விடுகிறேன்.

பதினோராம் நாள் காலை. மறுநாள் திருவிழா. நான் விளாங்குடியில் சலவைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாயாண்டி.

"அண்ணே, எங்க இருக்க?"

"வீட்லதான். மாலைக்குச் சொல்லக் கெளம்புறேன். ஏன்டா மூச்சு வாங்குது?"

"மாலை கெடக்கட்டும். வந்துட்டாக. ரெண்டு ஜீப்பு. வி.ஏ.ஓ., போலீசு எல்லாம் நிக்கிறாக. காசைக் குடுத்துட்டேன்."

"சரி, நான் இப்ப வாரேன்."

"வராத. நான் சொல்றதக் கேளு. வாய்க்கா வெட்டயில நாந்தேன் எடுத்தேன், நாந்தேன் வச்சிருந்தேன்னு சொல்லிட்டேன். அந்தானிக்கு அப்படியே எழுதிட்டாக."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? வெளிநாட்டு பாஸ்போட்டு, கையில மிஷினு. உன்னைய விடுவாகளா? மதினிக்கு ஆப்ரேசனுக்கு நாள் குறிச்சிருக்குங்கிற. எனக்கு என்ன, இங்கனதான கெடக்கேன். நாலு வாய்தாவுக்குப் போயிட்டு வந்தாத் தீந்துச்சு. பிளேனைப் பிடிச்சுப் போயிருண்ணே."

பின்னால் யாரோ அதட்டினார்கள். போன் நின்றது.

என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். உண்மைதான். ஒரு மாதம் தள்ளி வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் முழங்காலுக்காகப் போகவில்லை. பயந்து போனேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

டிக்கெட்டை முன்னால் மாற்றினேன். மறுநாள் ஊரில் மேளம் அடிக்கும் நேரத்தில் நான் மதுரை விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். மிஷினை மூன்று துண்டாகக் கழற்றி வேட்டிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஸ்கேனில் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார்கள்.

"புல்லு வெட்டுற மிஷின் சார்."

"இங்கேருந்து அங்கே கொண்டு போறீங்களா?"

"ஆமா சார். நம்ம ஊர் சாமான் உழைக்கும்."

சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். வாயால் பிழைத்தவன் நான். அன்றைக்கும் பிழைத்தேன்.

6

கொடிக்காலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இன்னும் புதையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். யாரும் உள்ளே போகக் கூடாது. தோண்டுகிறவர்கள் வர ஒரு மாதம் ஆனது. வந்தவர்கள் குழி போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? அந்த மண் கண்மாயிலிருந்து வண்டியில் வந்த மண். அதைச் சொல்ல வேண்டியவன் நான். எந்த மூலை, எந்த மண், எத்தனை ஆழம் என்று எழுதித் தருவதற்குத்தான் ஐந்து வருடம் பழகினேன்.

கொடிக்கால் கைக்குழந்தை மாதிரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், கொடியை அவிழ்த்துக் கட்ட வேண்டும். போர் இருந்தது, மோட்டார் இருந்தது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாயாண்டி நின்றான். பங்குனி வெயிலில் முதலில் இலை மஞ்சளானது, பிறகு கொடி கயிறாகக் காய்ந்து அகத்தியில் தொங்கியது. அதை எனக்கு செல்லம்மாள் சொன்னாள். அவன் சொன்னது வேறு.

"வெத்தலை போனா என்னண்ணே, அகத்தி நிக்குதுல்ல. ஆடு திங்கும்."

"வக்கீல் என்னடா சொல்றாரு?"

"அடுத்த வாய்தாங்கிறாரு. அவருக்கு வேற வார்த்தை தெரியாது போல."

பேச்சை மாற்றிவிடுவான். என் மனைவி நடக்கிறாளா, மாவு எப்படிப் போகிறது, குளிர் எப்படி என்று கேட்பான். நான் பதில் சொல்வேன். மாவு நன்றாகப் போகிறது என்று அவனிடமும் பெருமை பேசினேன். இந்த வாயை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது?

மாசி மாதம் ஒரு வாய்தா. கோர்ட்டில் காலையிலிருந்து நின்றிருக்கிறான். பெயரைக் கூப்பிட்டு, அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். ஆள் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நான் போகவில்லை. கேஸ் இருக்கிறது, போனால் உங்களையும் கேட்பார்கள் என்றான் என் மகன் செந்தில். அவன் நாலு வயதில் இங்கே வந்தவன். சித்தப்பாவை இரண்டு தடவை பார்த்திருப்பான். மாவுக் கூடத்தில் அரிசி மூட்டையில் போனைச் சாய்த்து வைத்தான். அதில் என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நடுவில் படம் நின்று நின்று வந்தது. நெருப்பு வைக்கிற இடத்தில் சுத்தமாக நின்றுவிட்டது.

அடுத்த மாதம் கோர்ட்டில் கேஸை முடித்தார்கள். கோர்ட் பாஷையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. அவன் குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை. கூண்டில் நிற்க இனி ஆள் இல்லை, அவ்வளவுதான்.

7

இரண்டு வாரத்துக்கு முன்னால் காதர் பாய் ஒரு போட்டோ அனுப்பினார். நம் பக்கத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் அந்தக் காசைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பாய் தொழில்காரர், பார்க்கப் போயிருக்கிறார். கூடவே பேசி அனுப்பியிருந்தார். "அண்ணே, கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க. எனக்கு அங்க நிக்க முடியல. மவுத்தான மனுசன் பேரு அது."

என் கண் கண்ணாடி அப்போது மாவுக் கூடத்தில் இருந்தது. பேத்தி மீனா பக்கத்தில் இருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவாள், என்னோடும் பாதி இங்கிலீஷ்தான். ஆனால் என் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறாள். நான் படிக்கிறேன் தாத்தா என்று போனை வாங்கிக்கொண்டாள். படத்தைப் பெரிசாக்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"ரோமானியப் பொற்காசு. சோழவந்தான் வட்டாரம். நில உரிமையாளர் மாயாண்டி என்பவர் மறைத்து வைத்திருந்த நிலையில் கைப்பற்றப்பட்டது."

நன்றாகப் படித்தாய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முழுசாகப் படித்த முதல் தமிழ் அதுதான்.

"மறைத்துன்னா ஹைட் பண்றதுதானே தாத்தா?"

"ஆமா."

"அவர் பேட் மேனா?"

"இல்லம்மா."

"அப்போ ஏன் இப்படி எழுதியிருக்காங்க?"

சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவர் பெயர்தான் அது என்று அவளுக்குத் தெரியாது. போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தேன். எந்த அதிகாரிக்கும் பதில் சொல்லத் தெரிந்தவன் நான்.

மறுநாள் செல்லம்மாள் போன் செய்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "யாரோ படிச்சுச் சொன்னாக மச்சான். எங்க வீட்டு ஆளு களவாண்டு வச்சிருந்தாருன்னு கண்ணாடிக்குள்ள எழுதிப் போட்டிருக்காகளாம். நீங்க படிச்சீகளா?" படித்தேன் என்றேன். "அப்படியா" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தப் போட்டோவுக்கு முன்னாலேயே நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவன் செத்த பிறகு எனக்குப் புத்தி வந்தது. இங்கே இருக்கும் நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு ரயில் ஏறிப் போனேன். கவுன்டரில் ஒரு பெண் பிள்ளை.

"பாஸ்போர்ட்டா, விசாவா, பவர் பத்திரமா சார்?"

"நான் ஒரு குத்தம் பண்ணேம்மா. அதை எழுதிக் குடுக்கணும்."

அவள் கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார். அதர்ஸ்னு போடவா?"

அதர்ஸ் என்று போட்டுத்தான் என் வாக்குமூலத்தில் சீல் அடித்துத் தந்தார்கள். அதை நகல் எடுத்து மதுரையில் மூன்று அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. ஒரு இடத்திலிருந்து போன வாரம்தான் வந்தது. மனுதாரர் மேற்படி வழக்கில் தொடர்பில்லாதவர் என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.

தொடர்பில்லாதவர். சாப்பாட்டு மேஜையில் அதை செந்திலிடம் காட்டினேன். அவன் ரொம்ப நாளாகக் கேட்கக் காத்திருந்த மாதிரி பேசினான்.

"லீவ் இட் அப்பா. அவங்களே விட்டுட்டாங்க. சித்தப்பா இஸ் கான். இதனால அவருக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. உங்களுக்குத்தான் ப்ராப்ளம்."

"உன் மக அவன் பேரைக் களவாணின்னு படிச்சாடா."

"அவ மறந்துடுவா."

"நீ மறந்துட்ட. அவளுமா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கெட்ட பிள்ளை இல்லை. அவன் அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறான். அன்றைக்கு மாயாண்டியும் அதைத்தான் செய்தான். என்னைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

8

ஆகவே ஊரில் இதைப் படிப்பவர்களுக்கும், அந்தக் காட்சிக்கூடத்தாருக்கும், என் மனுவை முடித்து வைத்த அலுவலகத்தாருக்கும் சொல்கிறேன்.

வளைவில் என் பெயர் இருக்கிறது. அதை வேண்டுமானால் சுண்ணாம்பு அடித்து அழித்துக்கொள்ளுங்கள், நான் கேட்கமாட்டேன். விளாங்குடி வீட்டின் நெற்றியில் இருக்கிற பெயரும் எனக்குப் பெரிதில்லை. எனக்குக் காசுக்குக் கீழே இருக்கும் அந்த அட்டையில் இடம் வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. வரும் பங்குனிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். செந்திலுக்கு நேற்றுத்தான் சொன்னேன், இன்னும் என்னோடு பேசவில்லை. மிஷினை எடுத்து வருகிறேன். இந்தத் தடவை அது என்ன மிஷின் என்று கேட்டால் சொல்வேன். எந்த மூலையில் எடுத்தேன் என்று வந்து காட்டுகிறேன். என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். எழுபத்திரண்டு வயது ஆளை உள்ளே வைக்க யோசிக்க வேண்டாம், நான் இதைவிட நெருக்கடியான அறைகளில் படுத்தவன்.

அட்டையில் எழுத வேண்டியது இது. நானே எழுதித் தருகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்:

கண்டெடுத்தவர் சோணைமுத்து. கண்மாய்க் கரம்பையில், ஒரு சாண் ஆழத்தில். பதினோரு நாள் மறைத்து வைத்தவரும் அவரே. எடுத்த அன்றே அரசிடம் கொடுக்கச் சொன்னவர் அவர் தம்பி மாயாண்டி.

இதில் ஒரு எழுத்துக் குறையக் கூடாது. செய்தவன் நான். உங்கள் அலுவலக ஜன்னலில் வந்து நிற்கும்போது, தொடர்பில்லாதவர் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பக் கூடாது.